கோம்பைச் சவாரி: நுங்கு வண்டில் ஓட்டத்துக்கு ஒரு விதிமுறை

மூன்று கண்ணையும் குடித்துவிட்டு எறிகிற நுங்குக் கோம்பை இரண்டு சில்லாக, அதாவது சக்கரமாக; ஒன்றரைச் சாண் நீளத்தில் ஓர் அச்சு; நுனியில் கவருள்ள, அதாவது இரண்டு கிளையாகப் பிரிகிற, ஒரு தள்ளுதடி. நுங்கு வண்டில் என்றால் இவ்வளவுதான். இலங்கையின் வன்னியில், பூநகரியிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரைக்கும் பனை நிற்கிற ஊர்களில் நுங்குக் காலம் வந்தால் பிள்ளைகள் இதைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் "ஆர் வென்றது?" என்று கேட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, சில்லுக் கழன்றவர் கணக்கா இல்லையா, ஒன்றுக்கும் விதி கிடையாது.

மாட்டுவண்டிச் சவாரிக்குத் திடல் இருக்கிறது, பிரிவு இருக்கிறது, சோடி சோடியாக விடுகிற முறை இருக்கிறது, எல்லையில் கொடி இருக்கிறது. நன்றாக ஓடிய மாட்டின் பெயர் ஊரில் நிற்கும். நுங்கு வண்டிலுக்கும் அந்த மரியாதை வேண்டும். அதற்காகத்தான் இந்த விதிகளை எழுதியிருக்கிறோம். வண்டில் பழையது, விதிகள் புதியவை. விளையாட்டுக்குக் கோம்பைச் சவாரி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் ஓடுகிறவரின் காலைவிடக் கோம்பை தெரிகிறவரின் கண் பெரிது. ஓட்டத்தின் முக்கால்பங்கு பனையடியிலேயே தீர்ந்துவிடும். ஆகையால் இந்தக் கட்டுரையும் பனையடியில்தான் அதிக நேரம் நிற்கும்.

குலை

பெண்பனைதான் காய்க்கும். அதிலும் எல்லாக் குலையும் சில்லுக்கு உதவாது. நுங்கின் பருவத்தில் மூன்று நிலை உண்டு. தண்ணீரும் வழுக்கலுமாக இருக்கிற இளநுங்கு, கொஞ்சம் கட்டிப்பட்ட நுங்கு, கல்லாகத் தொடங்கிய சீக்காய். குடிக்க ருசியானது முதலாவது. ஆனால் அதன் கோம்பை இன்னும் நார் முற்றாதது. அச்சு ஏற்றினதும் நடுப்பகுதி நைந்து, பத்து மீற்றர் ஓட முதல் துளை வட்டம் போய் நீள்வட்டமாகிவிடும். சீக்காய் எதையும் தாங்கும், ஆனால் துளைக்கக் கை நோகும், பாரமும் கூட. சில்லுக்குச் சரியானது நடுநிலை. கண்ணுக்குள் பெருவிரலை விட்டால் நுங்கு வழுக்கி வராமல் ஒருதரம் முரண்டுபிடித்துத்தான் வர வேண்டும். தின்ன மிக நல்லது ஓட மிக நல்லதல்ல. இதை ஏற்றுக்கொள்ளாத பிள்ளைக்கு நல்ல சில்லுக் கிடைக்காது.

குலையை மேலிருந்து போடக்கூடாது. கயிற்றில்தான் இறக்க வேண்டும். பனை உயரத்திலிருந்து விழுகிற குலையில் அடியிலுள்ள காய்கள் ஒருபக்கம் நசுங்கும். வெளியில் தோல் கறுத்துப் பளபளவென்று இருக்கும், உள்ளே நார் உடைந்திருக்கும். அந்தச் சில்லு ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் குந்தும். பனையேறுகிற சீவல் தொழிலாளரிடம் முதல்நாளே போய், "அண்ணை, சவாரிக்குத்தான் கேக்கிறம். போடாமல் கயித்தில இறக்கித் தாங்கோ" என்று சொல்லிவைக்க வேண்டும். அது அவருக்குக் கூடுதல் வேலை. குலைக்குக் கொடுக்கிற காசில் அதற்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை.

கணக்கு இப்படி. ஒரு வண்டிலுக்கு இரண்டு சில்லு, மாற்றுக்கு இரண்டு. 16 வண்டில் ஓடினால் 64 கோம்பை. குலைக்குப் பன்னிரண்டு காய் எடுபடும் என்று வைத்தாலும் ஆறு குலை வேண்டும். 64 காய் என்றால் கிட்டத்தட்ட 190 கண் நுங்கு. அதை அன்று காலையிலேயே குடித்துத் தீர்க்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு நுங்கு புளிக்கும், வெயிலில் கிடந்த கோம்பையும் வாயைப் பிளக்கும். எனவே போட்டியின் முதல் நிகழ்ச்சி நுங்கு குடித்தல்தான். பார்க்க வருகிற எல்லோரும் அதில் பங்காளிகள்.

வன்னியில் ஆறு குலையைச் சும்மா கேட்டுவிட முடியாது. யுத்தகாலத்தில் எத்தனையோ பனைகள் குற்றியாகிப் பதுங்குகுழிகளுக்குப் போயின, எத்தனையோ எறிகணையில் தலை இழந்தன. பனங்கொட்டை ஒன்று முளைத்து, வடலியாகி, காய்க்கப் பன்னிரண்டு வருடமாவது செல்லும். பல பனைகள் அதற்கும் மேலே எடுக்கும். 2010இல் மீளக் குடியேறிய கையோடு புதைத்த கொட்டைகள் இப்போதுதான் பாளை தள்ளுகின்றன. அந்த இளம்பனையின் முதல் குலையை விளையாட்டுக்கு இறக்கக்கூடாது. இதையும் விதியாகவே எழுதியிருக்கிறோம். முதல் குலை வீட்டுக்காரருக்கு.

வெட்டும் துளையும்

ஒரு காயைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது கண்ணின் எண்ணிக்கை. மூன்று கண் உள்ள காய் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். இரண்டு கண் காய் தட்டையாகவும் ஒற்றைக்கண் காய் ஒருபக்கம் ஒடுங்கியும் வரும். மேல்மூடியைச் சீவ முதலே தோலில் தெரிகிற மூன்று புடைப்பைத் தடவிப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். இரண்டு கண்ணும் ஒற்றைக் கண்ணும் குடிக்க மட்டும்.

அடுத்தது மூடி சீவுதல். நுங்கு விற்கிறவர்கள் கண் நன்றாகத் திறக்கட்டும் என்று ஆழமாகவே சீவுவார்கள். சில்லுக்கு அது கூடாது. காயின் இடுப்பு, அதாவது சுற்றளவு மிகக் கூடிய இடம், முழுசாக நிற்க வேண்டும். அதற்கு மேலே இரண்டு விரல் அகலமாவது மிஞ்ச வேண்டும். வெட்டு இடுப்புக்குக் கீழே இறங்கினால் சில்லு வெட்டுவாயிலேயே உருளும். வெட்டுவாய் பச்சை நார். மண்ணில் தேய்ந்து பிரிந்து, முப்பது மீற்றரில் தாடி வைத்ததுபோல நார் தொங்கும். அந்த நார் கவரில் சுற்றினால் வண்டில் நின்றுவிடும்.

இனித் துளை. எல்லோரும் பிழைவிடுகிற இடம் இதுதான். மூன்று கண்ணுக்கும் நடுவில் தெரிகிற மேட்டைப் பார்த்து அங்கிருந்து குத்துவார்கள். மூடி சரிந்து சீவப்பட்டிருந்தால் அந்த மேடு நடுவல்ல. காம்பு இருந்த தழும்புதான் காயின் உண்மையான நடு. அங்கிருந்து குத்தி, கண்களுக்கு நடுவால் வெளியே எடுக்க வேண்டும். துளை நடுவிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் விலகினால் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் 2 சென்ரிமீற்றர் ஏறி இறங்கும். தள்ளுகிறவரின் கையில் அது உரலில் உலக்கை இடிப்பதுபோலத் தெரியும்.

காம்படியில் ஒட்டியிருக்கிற தடித்த இதழ்களைப் பிடுங்கக்கூடாது. காம்புப் பக்கம் உள்ளே கவரைப் பார்த்தும், கண் பக்கம் வெளியே பார்த்தும் இருக்கும்படி சில்லைப் பூட்டினால், அந்த இதழ்கள் கவருக்கும் சில்லுக்கும் நடுவில் ஒரு வளையம்போல நின்று உரசலைத் தாங்கும். கண் பக்கத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் கவர் முனை கண்ணின் குழிக்குள் இறங்கிச் சில்லைக் கிழிக்கும்.

துளைக்கத் தீட்டிய பாலைமரத் தடி போதும். பெரியவர் பக்கத்தில் நின்றால் இரும்புக் கம்பியும் பாவிக்கலாம். துளை அச்சைவிட ஒரு நூல் சிறிதாக இருக்க வேண்டும். அச்சைத் தட்டி ஏற்றும்போது நார் இறுகிப் பிடிக்கும். நுங்கின் கயர் உடுப்பில் பட்டால் போகாது. வெள்ளைச் சட்டையோடு யாரையும் இந்த வேலைக்கு விடாதீர்கள், அதிலும் பாடசாலைச் சட்டையோடு.

அச்சும் கவரும்

அச்சு 33 சென்ரிமீற்றர். சில்லுக்குள் பக்கத்துக்கு 8, நடுவில் 11, வெளியே பக்கத்துக்கு 3 நீட்டிக்கொண்டு நிற்கும். தடிப்பு 2 சென்ரிமீற்றர். காய்ந்த கொய்யாத் தடி நல்லது, பூவரசும் பரவாயில்லை. கிளுவை மென்மையானது, முருங்கை ஓடிய மறுநிமிடம் முறியும். பட்டையை முழுசாக உரித்துவிட வேண்டும். பட்டையோடு விட்டால் சுழலச் சுழல உரிந்து கவருக்குள் பிசின்போல அடையும். காட்டுக்குள் தடி தேடிப் போகத் தேவையில்லை, வேலியிலும் வளவிலும் நிற்கிறது போதும். இதை விளையாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் உண்டு. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கிற பக்கம் பிள்ளையை எதற்கும் அனுப்பாதீர்கள்.

அச்சின் இரண்டு முனையிலும் கடையாணி வேண்டும். பனைமட்டையில் ஒரு சிராம்பு சீவி, அச்சில் துளையிட்டுக் குறுக்கே செருகினால் போதும். ஆணி, கம்பி, பிளாஸ்ரிக் பைப், சைக்கிள் உதிரி எதுவும் வண்டிலில் இருக்கக்கூடாது; பனையிலும் வேலியிலும் கிடைக்கிறதை மட்டும் வைத்துப் பூட்ட வேண்டும். அப்படியில்லாவிட்டால் சைக்கிள் கடை பக்கத்தில் இருக்கிற பிள்ளைதான் ஒவ்வொரு வருடமும் வெல்லும்.

கவர்த்தடிக்குக் கொய்யாவை விஞ்சிய மரம் இல்லை. கெற்றப்போலுக்கு (கவண்) கவர் வெட்டுகிறவர்களுக்கு இது தெரியும். கவரை நட்டுக்குத்தாக, ஒரு கிளை அச்சுக்கு மேலும் மற்றது கீழும் வரும்படி பிடிக்க வேண்டும். படுக்கையாக வைத்தால் முதல் மேட்டிலேயே அச்சுக்கு மேலால் வழுக்கிப் போய்விடும். கீழ்க்கிளையின் நீளம் மிக முக்கியம். 14 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லின் அச்சு நிலத்திலிருந்து 7 சென்ரிமீற்றர் உயரத்தில்தான் நிற்கிறது. கீழ்க்கிளை 5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நிலத்தைக் குத்தும். குத்தினால் வண்டில் அந்த இடத்தில் நிற்கும், பிள்ளை நிற்காது. தடியின் மற்ற முனை வயிற்றில் ஏறும். ஆகவே இரண்டு கட்டாயம்: கீழ்க்கிளையை 4 சென்ரிமீற்றரில் தறித்துவிடுவது, தடியை வயிற்றுக்கு நேரே பிடிக்காமல் இடுப்புக்குப் பக்கத்தில் பிடிப்பது. கைப்பிடி முனைக்குப் பழந்துணி சுற்றியிருக்க வேண்டும். இவற்றைப் பார்க்காமல் எந்த நடுவரும் வண்டிலைக் கோட்டுக்கு விடக்கூடாது.

தடியின் நீளம் ஓட்டியின் உயரத்தைப் பொறுத்தது. தடி நிலத்தோடு 40 பாகையளவில் சாய்ந்து நிற்க வேண்டும். 130 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளைக்கு ஒரு மீற்றரும் ஐந்தாறு சென்ரிமீற்றரும் சரிவரும். வளர்ந்தவருக்கு ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. தடி கட்டையானால் நிமிர்ந்து நிற்கும், தள்ளுகிற பலம் முன்னுக்குப் போகாமல் நிலத்துக்குள் போகும். நீளமானால் படுத்துவிடும், சிறு கல்லில் பட்டாலே கவர் கிளம்பிவிடும்.

கவர் பிரிகிற அடி 3 சென்ரிமீற்றராவது தடிப்பாக இருக்க வேண்டும். மெல்லிய கவரில் அச்சு ஊஞ்சல்போல இடம்வலம் ஆடும், திருப்ப வராது. அதோடு அச்சின் நடுவில், கவர் உட்காருகிற இடத்துக்கு இரு பக்கமும், பனைநாரை இறுக்கி ஐந்தாறு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். இந்த இரண்டு நார்க்கட்டும் இல்லாவிட்டால் கவர் ஒரு சில்லுப் பக்கமாக நழுவும். நழுவினால் வண்டில் செக்கு மாடுபோல ஒரே இடத்தைச் சுற்றும்.

எண்ணெய் கவரின் அடியில் மட்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய் எதுவும் சரி. இலுப்பெண்ணெய் தடிப்பு என்பதால் நெடுநேரம் நிற்கும். கிறீஸ் கூடாது. ஓட்டம் முடிந்தபிறகு கோம்பை போகிற இடம் அப்படி. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

ஏன் ஒருபக்கம் இழுக்கிறது

நேராகத்தான் தள்ளுகிறேன், வண்டில் வேலிப்பக்கம் போகிறது என்று சொல்லாத பிள்ளை இல்லை. பிழை பிள்ளையில் இல்லை. இரண்டு சில்லும் அச்சில் இறுகியிருப்பதால் இரண்டும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். பெரிய சில்லு ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும், சின்னது குறையப் போகும். எனவே வண்டில் சின்னச் சில்லின் பக்கம் வளையும்.

எவ்வளவு வளையும் என்பதைக் கணக்குப் பார்த்தால் பலர் நம்பமாட்டார்கள். ஒரு சில்லு 14 சென்ரிமீற்றர் விட்டம், மற்றது 13. ஒரு சில்லின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். இந்த வண்டிலைச் சும்மா உருட்டிவிட்டால் அது போகிற பாதை கிட்டத்தட்ட 2.8 மீற்றர் ஆரையுள்ள ஒரு வட்டம். ஒரு முற்றத்துக்குள் சுற்றி முடித்துவிடும். வித்தியாசம் 2 மில்லிமீற்றராகக் குறைந்தாலும் 14 மீற்றர் ஆரைதான் கிடைக்கும். 60 மீற்றர் நேரோட்டத்தில் அதுகூடப் பெரிய இழுவை. சில்லு 136 சுற்றுச் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டி அந்த 2 மில்லிமீற்றரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

பார்த்துச் சோடி சேர்த்தால் போதாது. நூல் பிடிக்க வேண்டும். காயின் இடுப்பைச் சுற்றி நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டு, அதே நூலை மற்றக் காயில் வைத்துப் பார்ப்பது. விட்டத்தில் 2 மில்லிமீற்றர் வித்தியாசம் சுற்றளவில் 6 மில்லிமீற்றருக்கு மேலாகத் தெரியும். கண்ணுக்குத் தப்பினாலும் நூலுக்குத் தப்பாது. ஒரே குலையில், அடுத்தடுத்து நின்ற இரண்டு காய்கள் பெரும்பாலும் நல்ல சோடி. மிச்ச வித்தியாசத்தைப் பெரியதன் தோலைக் கத்தியால் மெல்லச் சுரண்டிச் சரிப்படுத்தலாம். சுரண்டுவதற்கு அனுமதி உண்டு, ஒட்டுவதற்கும் சுற்றுவதற்கும் இல்லை.

இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு சில்லை இறுக்கமாகவும் மற்றதைத் தளர்வாகவும் விடுவது. தளர்ந்த சில்லு தன்பாட்டில் சுழல்வதால் அளவு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, வளைவிலும் வண்டில் பிள்ளையின் சொல் கேட்கும். ஆனால் தளர்ந்த துளை விரைவில் தேயும். ஓர் ஓட்டம் தாங்கும், இரண்டாவதில் சில்லு தலையாட்டத் தொடங்கும், மூன்றாவதில் கடையாணியை அறுத்துக்கொண்டு கழன்று ஓடும். நேரோட்டத்துக்கு இரண்டும் இறுக்கம், வளைவோட்டத்துக்கு ஒன்று தளர்வு என்பதே எங்கள் பரிந்துரை. மாற்றுச் சில்லு இரண்டு கேட்டதன் காரணமும் இதுதான்.

தரை

தரவைதான் சிறந்த திடல். மாடு மேய்ந்து புல்லுக் கட்டையாகி, வெயிலில் இறுகிய தரை. அதன் குறை ஒன்றே ஒன்று: மாரியில் மாடு மிதித்த குளம்படிகள் அப்படியே காய்ந்து குழியாக நிற்கும். பத்துச் சென்ரிமீற்றர் அகலக் குழிக்குள் பதினாலு சென்ரிமீற்றர்ச் சில்லு விழுந்தால் எழும்பாது. போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் ஓடுபாதை முழுவதும் நடந்து, குழிகளுக்கு மண் போட்டு, தண்ணீர் தெளித்து மிதித்துவிட வேண்டும். கிறவல் வீதி வேகம் தரும், ஆனால் பரல்கல் தோலைக் கிழிக்கும். பூநகரி மணலில் சில்லுப் புதையும். அங்கே ஓடுகிறவர்கள் மூடியை இன்னும் மெல்லியதாகச் சீவி, சில்லின் அகலத்தைக் கூட்டிக்கொள்ளட்டும். காபெற் (தார்) வீதியிலும் குளக்கட்டிலும் ஓடவே கூடாது. ஒன்றில் வாகனம், மற்றதில் ஒருபக்கம் தண்ணீர், ஒருபக்கம் சரிவு.

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்தால் வன்னியில் புழுதி தெரிந்ததுதானே. காலை ஒன்பதுக்கு முதல் அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு எதிரே ஓடவிடாதீர்கள், கண்ணுக்குள் மண் விழும்.

விதிகள்

ஒருதரத்துக்கு இரண்டு வண்டில், சோடியாக. ஓடுபாதை ஒவ்வொன்றும் 2 மீற்றர் அகலம், நடுவில் ஒரு மீற்றர் இடைவெளி. நேரோட்டம் 60 மீற்றர். வளைவோட்டம் 30 மீற்றர் போய், நட்ட கம்பைச் சுற்றி, அதே 30 மீற்றர் திரும்பி வருவது. தோற்ற வண்டிலுக்கு இன்னொரு சந்தர்ப்பம் உண்டு. இரண்டுதரம் தோற்றால்தான் வெளியே. முதல் சோடியில் சில்லு உடைந்த பிள்ளையை அழுகையோடு வீட்டுக்கு அனுப்புகிற விளையாட்டாக இது இருக்கக்கூடாது.

கட்டளை மூன்று. "பூட்டு" என்றால் கவரை அச்சில் வைக்க வேண்டும். "நில்" என்றால் அசையக்கூடாது. "ஓடு" என்பதற்கு முதல் அச்சுக் கோட்டைத் தாண்டினால் இரண்டு வண்டிலும் திரும்ப வர வேண்டும். எல்லையில் கணக்கு அச்சுக்குத்தான். ஓட்டி ஒரு மீற்றர் பின்னால் வருவார், அவருடைய நெஞ்சையோ காலையோ பார்க்கக்கூடாது. அதற்காக எல்லை நடுவர் ஒருவர் நிலத்தோடு குந்தியிருந்து பார்க்க வேண்டும். புழுதி தின்ன வேண்டிய பதவி அது. ஆனால் குந்தாமல் சரியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கவர் கழன்றால் கழன்ற இடத்திலேயே மீண்டும் பூட்டி ஓடலாம். பின்னுக்கு இழுத்தால் கவர் கழன்றுவிடும் என்பதால் இந்த வண்டிலுக்குப் பிரேக் கிடையாது. எல்லைக்கு அப்பால் 15 மீற்றர் வெறுந்தரை விட்டிருக்க வேண்டும். சில்லைக் கையால் தொடலாமா? வண்டில் பிரண்டால் மட்டும். நிமிர்த்தி, அதே இடத்தில் வைத்து ஓடலாம். எதிர்வண்டிலின் பாதைக்குள் சில்லுப் போனால் அந்த ஓட்டம் போச்சு. போய் மோதினால் மோதப்பட்டவர் தனியாக மறுபடி ஓடலாம்.

அதிகம் சண்டை வருகிற இடம் சில்லுக் கழல்வது. இரண்டு சில்லும் அச்சில் இருக்கத்தான் எல்லையைத் தாண்ட வேண்டும். கழன்ற சில்லுத் தானாக உருண்டு முதலாவதாக எல்லைக்குப் போனாலும் அது வெற்றியல்ல. பார்க்கிறவர்கள் எவ்வளவு கைதட்டினாலும் நடுவர் கொடியைத் தூக்கக்கூடாது. கழன்றதை எடுத்துவந்து, கழன்ற இடத்தில் திரும்பப் பூட்டிவிட்டு ஓடினால் கணக்கு. அவ்வளவு நேரமும் மற்றவர் போய்ச் சேராமல் தடுமாறிக்கொண்டிருக்கலாம், அப்படியான ஓட்டங்கள்தான் நெடுநாள் பேசப்படும்.

பிரிவுகள் நான்கு: எட்டு வயதுக்குக் கீழ், எட்டிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்றிலிருந்து பதினாறு, அதற்கு மேல். பதினாறுக்கு மேற்பட்டவர்களுக்குச் சீக்காய்ச் சில்லு. நுங்கு எடுக்காத முழுக்காய், ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் நிறுக்கும். அதற்கு அலவாங்கால்தான் துளையிட வேண்டும், அச்சும் 3 சென்ரிமீற்றர் தடிப்பு. பிள்ளைகளின் வண்டில் துள்ளும், இது துள்ளாது. மண்ணை உழுதுகொண்டு போகும்.

பரிசு பெரிதாக வேண்டாம். பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி ஒரு கொத்தென்றாலும் அதில் ஊர் இருக்கிறது.

பெயர் எடுக்கிறவர்கள்

ஒவ்வொரு வண்டிலுக்கும் பெயர் வைக்க வேண்டும். பெயரில்லாத வண்டிலைக் கோட்டுக்கு விடுவதில்லை. மாட்டைக் கூப்பிடுவதுபோலத் தோலின் நிறத்தைப் பார்த்தே வைக்கலாம்: கறுத்த காயென்றால் கறுவல், செம்மை தட்டினதென்றால் சிவலை. நின்று பார்க்கிறவர்கள் வண்டிலின் பெயரைத்தான் கத்த வேண்டும், பிள்ளையின் பெயரை அல்ல. தோற்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு ஆறுதல் என்பதை யோசித்துப் பாருங்கள். தோற்றது சிவலை.

ஒரு வண்டிலுக்கு இரண்டு ஆள். ஓட்டி ஓடுவார். பூட்டுக்காரர் சில்லுத் தெரிந்து, துளைத்து, பூட்டி, ஓட்டத்துக்கு ஓட்டம் எண்ணெய் பார்ப்பார். பரிசு இருவருக்கும் சமன். நல்ல ஓட்டி வேகமாக ஓடுகிறவரல்ல. ஒரே சீராக ஓடுகிறவர். வளர்ந்தவர்களிடம் சின்னஞ்சிறுசுகள் இந்த வண்டிலைப் பிடுங்கி ஓட்டிக் காட்டுவதற்குக் காரணம் அதுதான். எட்டு வயதுப் பிள்ளையின் ஓட்டம் சில்லுக்கு அளவான ஓட்டம். அதைவிட வேகம் கூடினால் சில்லு நிலத்தில் நிற்காமல் துள்ளத் தொடங்கும், துள்ளுகிறபோது கவர் கிளம்பும். வேகமாக ஓடத் தெரிந்தவர் வேகத்தை அடக்கத் தெரிந்தால்தான் இதில் பெயர் எடுப்பார். வளைவில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கையை வலப்பக்கம் கொண்டுபோக வேண்டும். இது ஓடிப் பழகினால்தான் வரும், சொல்லி விளங்காது.

ஆனால் உண்மையான நட்சத்திரங்கள் திடலில் நிற்பதில்லை. ஒவ்வொரு ஊரிலும் குலையைப் பார்த்ததும் காய் சொல்லுகிற ஆச்சி ஒருவர் இருப்பார். பனங்காய்க்கும் பனாட்டுக்கும் பனங்கிழங்குக்கும் கை வைத்து வைத்து வந்த அறிவு அது. "ஆச்சி, இது ஓடுமோ?" என்று பிள்ளை காயை நீட்டும். அவர் சுண்டிப் பார்ப்பார், காம்புத் தழும்பில் நகத்தால் கீறிப் பார்ப்பார். "இது குடிக்கத்தான் சரி மோனை. அங்கால கிடக்கிறதை எடு." அப்படி ஓர் ஆச்சியைத் தன்பக்கம் வைத்திருக்கிற பூட்டுக்காரருக்குப் பாதி வெற்றி வந்துவிட்டது. விதிப்படி அவர் எந்த ஒரு வண்டிலுக்கும் சொந்தமில்லை, கேட்கிற எல்லாப் பிள்ளைக்கும் காய் சொல்ல வேண்டும். போட்டி நாளில் அவருக்குத் திடலின் நிழல் பக்கத்தில் கதிரை போட வேண்டும்; அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறோம்.

ஓடி முடிந்த சில்லு மறுநாள் உதவாது. தோல் சுருங்கும், துளை தளரும், எறும்பு ஏறும். அச்சையும் கவரையும் கழுவி, நிழலில் உலர்த்தி, தாழ்வாரத்தில் செருகிவைத்தால் அடுத்த வருடத்துக்கு இன்னும் இறுகி வரும். கோம்பை மாட்டுக்கு. கிறீஸ் கூடாது என்றது இதற்காகத்தான். கடையாணியையும் நாரையும் ஒன்றும் மிஞ்சாமல் கழற்றிவிட்டு, ஒட்டின மண்ணையும் பரல்கல்லையும் தண்ணீரில் அலசி, கொடுவாக்கத்தியால் மெல்லிய கீற்றாக வெட்டிப் போடுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் மாட்டின் தொண்டையில் சிக்கும்.